கண்ணுக்குத் தெரிந்தால்தான் இறங்கலாம்
(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஆற்றிய உரை)

 

"பெரியவனானா பைலட் ஆவேன் சார்" என்று நம் பிள்ளைகள் சிலர் சொல்கிறார்கள். கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது. அப்படி விரும்புகிறவர் அறிய வேண்டிய ஒரு சட்டத்தை இன்று சொல்கிறேன்.

மழையிலும் மூடுபனியிலும் விமானத்துக்குக் கருவிகள் வழி காட்டும். ஆனால் அது ஓர் எல்லை வரைதான். ஒவ்வோர் ஓடுபாதைக்கும் இவ்வளவு உயரம், இவ்வளவு பார்வைத் தூரம் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். கருவி வழியாக இறங்கும் சாதாரண முறைக்கு அனைத்துலக அளவு 200 அடி உயரம், 550 மீட்டர் பார்வைத் தூரம். 550 மீட்டர் என்றால் ஐந்து பந்துத் திடல்களை வரிசையாக வைத்த நீளம். அந்த 200 அடிக்கு வந்ததும் விமானி வெளியே பார்க்க வேண்டும். ஓடுபாதையோ அதற்கு வழிகாட்டும் விளக்குகளோ தெரிந்தால் இறங்கலாம். தெரியவில்லையா? மறுபேச்சு இல்லை, மேலே ஏறிவிட வேண்டும். தரையைத் தொட 20 வினாடிகூட இல்லாத நேரம் அது. அப்போது யோசித்துக்கொண்டிருக்க முடியுமா? அதனால்தான் முடிவை முன்பே சட்டமாக்கி வைத்திருக்கிறார்கள்.

"இன்னும் கொஞ்சம் இறங்கிப் பார்ப்போமே" என்பதுதான் ஆபத்து. 27.9.1977 அன்று சுபாங்கில் இறங்க வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம், எல்மினா ரப்பர் தோட்டத்தில் ஒரு குன்றின்மீது மோதியது. அதில் இருந்த 79 பேரில் 34 பேர் மாண்டனர். அந்த வழியில் ஓடுபாதை தெரியாமல் 750 அடிக்குக் கீழே இறங்கக் கூடாது. ஓடுபாதை தெரியாமலே அதற்குக் கீழே இறங்கியதுதான் காரணம் என்று விசாரணை கூறியது.

பால்மரம் வெட்டிய நம் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. பட்டை நனைந்திருந்தால் வெட்டு இல்லை. கூலி போகுதே என்று வெட்டினால் பால் வழிந்து வீணாகும், பட்டையும் கெடும். பொறுத்திருந்து மறுநாள் வெட்டியவரை யாரும் கோழை என்று சொன்னதில்லை.

மேலே ஏறிச் சுற்றி வரும் விமானியும் தோற்றவர் அல்லர். அவர் மறுபடியும் இறங்க முயல்வார், முடியாவிட்டால் வேறு நிலையத்துக்குப் போவார். அதற்கும் எண்ணெய் எடுத்துக்கொண்டுதான் புறப்பட்டிருப்பார். இன்று பரிசு பெற்ற செல்வங்களுக்கு என் பாராட்டு. பெறாத பிள்ளைகளே, நீங்கள் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள், அவ்வளவுதான்.