பொய்க் காயமும் மெய்க் காயமும்



என்னிடம் கல்வி பயின்று, இப்பொழுது இங்கிலாந்திலே ஒரு வைத்தியசாலையில் தாதியாகக் கடமையாற்றும் இளைஞர் ஒருவர், சென்ற விடுமுறையிலே என்னைக் காண வந்திருந்தார். சுகம் விசாரித்துத் தேநீர் அருந்திய பின், "ஓய்வு நாட்களிலே என்ன செய்கிறீர், தம்பி?" என்று வினவினேன். "கோடை காலத்திலே சில வார இறுதிகளில் ஒரு வயல்வெளிக்குப் போவோம், சேர். அங்கே நான் பரியாரியார். வாள் வெட்டுப் பட்டவர்களுக்கு மருந்து கட்டுவேன்," என்றார். நான் திடுக்கிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "வெட்டும் பொய், மருந்தும் பொய்," என்றார்.

வாரம் முழுவதும் மெய்க் காயங்களோடு மாரடிக்கும் ஒருவர், ஓய்வு கிடைத்ததும் பொய்க் காயத்துக்கு மருந்து கட்டப் போவானேன்? எனக்கு விளங்கவில்லை. அன்று மாலை அவர் விளக்கிக் கூறியவற்றையும், அதன் பின் நான் தேடிப் படித்தவற்றையும் கொண்டே இன்று உங்களோடு பேச எண்ணுகின்றேன்.

மேலைநாடுகளிலே வளர்ந்தவர்கள் கூடி ஆடும் ஒருவகை விளையாட்டு உண்டு. அரசனென்றும் வீரனென்றும் மந்திரவாதியென்றும் ஆளுக்கொரு வேடம் பூண்டு, ஒரு வயலையோ காட்டையோ பழைய கோட்டையையோ களமாகக் கொண்டு, இரண்டு மூன்று நாட்கள் அந்த வேடத்திலேயே உண்டு, உறங்கி, பேசி, போரிடுவார்கள். நாடகம் என்று சொல்ல முடியாது. எழுதிவைத்த வசனம் இல்லை, பார்ப்பதற்குச் சபையும் இல்லை. வேடமேற்பு விளையாட்டு என்று நாம் அதனை அழைக்கலாம். இங்கிலாந்திலே செஷயர் பகுதியில் உள்ள பெக்போட்டன் கோட்டையில் 1982ஆம் ஆண்டு 'ட்ரெஷர் ட்ராப்' என்ற பெயரிலே இது தொடங்கிற்று. அமெரிக்காவிலே அதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே, 1977இல், மெதுமெத்தையான ஆயுதங்களுடன் மேரிலாந்துப் பகுதியில் 'டாகோர்ஹிர்' என்னும் போர் விளையாட்டு ஆரம்பமாகியிருந்தது. இவற்றுக்கெல்லாம் மூத்த உறவினர் ஒருவர் உண்டு. 1966ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி, கலிபோர்னியாவின் பேர்க்கிளி நகரிலே, ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்தில் நண்பர்கள் சிலர் இடைக்கால ஐரோப்பிய வீரர்களின் துவந்த யுத்தத்தைப் போலச் செய்து பார்த்தார்கள். அது ஒரு பெருஞ் சங்கமாக வளர்ந்து இன்றும் நடைபெறுகின்றது.

ஆயுதங்களைப் பற்றி நீட்டிக்கத் தேவையில்லை. பேர்க்கிளிச் சங்கத்தார் பிரம்பினாலே வாள் செய்து, அதற்கேற்ப இரும்புத் தலைக்கவசம் அணிகின்றார்கள். ஏனையோரிற் பலர் பஞ்சு போன்ற நுரைப்பொருளை உள்ளே வைத்து, இறப்பர்ப் பாலினால் மேற்பூச்சிட்ட வாளையே பயன்படுத்துகின்றார்கள். தலையிலே அடிப்பதைப் பெரும்பாலான ஆட்டங்கள் தடைசெய்துள்ளன.

இப்பொழுது கேள்வி இதுதான். பஞ்சு வாள் பட்டால் நோகாது, இரத்தம் வராது. அப்படியாயின் ஒருவன் காயமுற்றான் என்பதைத் தீர்மானிப்பவர் யார்?

நேயர்களே, இதற்கு அவர்கள் கண்ட விடை என்னை வியப்பில் ஆழ்த்திற்று. அடிபட்டவனே தீர்மானிக்கின்றான்! பேர்க்கிளிச் சங்கத்தின் போட்டிகளிலே, களத்தைக் கண்காணிப்போர் இருந்தபோதிலும், அந்த அடி உண்மையான வாளாயின் என்னைக் கொன்றிருக்குமா என்று தன்னைத்தானே கேட்டு விடையளிப்பவன் அடிவாங்கியவனே. கையிலே பட்டால் அந்தக் கையை முதுகுப்புறம் மடக்கிக்கொண்டு மற்றக் கையினாற் போரிடுவான். காலிலே பட்டால் முழங்காலில் நின்று போரிடுவான். மார்பிலோ தலையிலோ பட்டால் விழுந்துவிடுவான். விழ மறுப்பவனைத் தண்டிக்க வேறு வழியும் உண்டு. ஆனால் நாலு பேர் அவனோடு பொருத விரும்பார்கள் என்பதே பெரிய தண்டனை. கிளித்தட்டு மறிக்கும்போது "பட்டது", "படவில்லை" என்று நம் பிள்ளைகள் செய்யும் வழக்கைக் காலமெல்லாம் தீர்த்துத் தொண்டை வற்றிய ஆசிரியர்களுள் நானும் ஒருவன். ஆதலினாலே இந்த விதியின் அருமை எனக்கு நன்றாகத் தெரியும்.

வேடமேற்பு விளையாட்டுக்களிலே கணக்கு இன்னும் சற்று விரியும். ஒவ்வொருவருக்கும் இத்தனை அடி தாங்கலாம் என்று ஓர் எண் இருக்கும். கவசம் அணிந்தவருக்கு அந்த எண் கூடும். ஒவ்வோர் அடிக்கும் ஒன்று குறையும். இந்த எண்ணிக்கை முறை வந்த வழி சுவையானது. 1974ஆம் ஆண்டு கறி கைகாக்ஸ், டேவ் ஆர்ணசன் என்னும் இரு அமெரிக்கர் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டிலே அது பரவலாக அறிமுகமாயிற்று. ஆர்ணசன் அதனைக் கப்பற்போர் விளையாட்டின் விதிகளிலிருந்து பெற்றதாகக் கூறியிருக்கின்றார். எத்தனை குண்டு பட்டால் ஒரு கப்பல் மூழ்கும் என்ற கணக்கு, எத்தனை வெட்டுப் பட்டால் ஒரு மனிதன் சாவான் என்று மாறிற்று!

எண் முடிந்ததும் வீரன் கீழே விழுகின்றான். விழுந்தவன் உடனே இறந்துவிடுவதில்லை. மனத்துக்குள்ளே மெல்ல எண்ணத் தொடங்குகின்றான். எத்தனை வரை எண்ணுவது என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் வேறுபடும். அந்த எண்ணிக்கை முடிவதற்குள் பரியாரியார் வந்து சேர்ந்தால் அவன் பிழைப்பான். வராவிட்டால் அந்த வேடம் இறந்துபோகும். இறந்த வேடத்தை மீண்டும் எடுக்க முடியாது. ஐந்தாறு ஆண்டுகள் ஒரே வேடத்தைத் தாங்கி, அதற்கென உடை தைத்து, பெயர் வைத்து, உறவும் பகையும் தேடிக்கொண்ட ஒருவர், புல்லிலே மல்லாந்து கிடந்து தமது எண்ணிக்கையை எண்ணும்போது, அது வெறும் விளையாட்டாக அவருக்குத் தோன்றுவதில்லை. இறந்த வேடத்துக்காக நண்பர்கள் கூடி மெய்யாகவே அழுவதைத் தாம் கண்டதாக எமது தம்பி சொன்னார்.

இந்த இடத்திலேதான் பரியாரியாரின் பெருமை விளங்கும். அவர் வந்து தொட்டதும் காயம் ஆறிவிடும் என்று விதி வைத்தால், சாவுக்கு எவரும் அஞ்சார், போரும் சுவைக்காது. காயத்தை ஆற்றவே முடியாது என்று விதி வைத்தால், காலையிலே விழுந்தவர் மாலைவரை சும்மா கிடப்பார். அடுத்த ஆண்டு வரவே மாட்டார். ஆகவே ஆட்டத்தை அமைப்போர் இரண்டுக்கும் நடுவே வழி தேடுகின்றார்கள். பரியாரியார் அருகிலே முழந்தாளிட்டு, குறித்த நேரம் வரை துணி சுற்றுவதாகவும் தையலிடுவதாகவும் செய்ய வேண்டும். அந்த நேரமெல்லாம் அவர் தம்மைக் காத்துக்கொள்ள முடியாது. 1983இல் டெக்சாஸ் மாநிலத்து எல் பாசோவிலே தோன்றிய 'அம்ட்கார்ட்' என்னும் ஆட்டத்திலே, மந்திரம் போன்ற வாசகமொன்றை முழுவதும் சொல்லி முடிக்க வேண்டும். வேறு சிலவற்றிலே மூலிகை அளவோடுதான் கிடைக்கும், தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

"ஒருமுறை என் பையிலே ஒரே ஒரு மருந்து மிஞ்சியிருந்தது, சேர்," என்றார் தம்பி. "இருவர் விழுந்து கிடந்தார்கள். ஒருவர் எங்கள் தளபதி. மற்றவர் அன்றுதான் முதன்முதலாக ஆட வந்த ஒரு பெண்பிள்ளை. இருவரும் மனத்துக்குள்ளே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்." யாருக்குக் கொடுத்தீர் என்று கேட்டேன். "தளபதிக்கு," என்று தலையைக் குனிந்துகொண்டார். "வேலைத்தலத்திலே யாரை முதலிற் பார்ப்பது என்பதற்கு முறை எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே நானே முடிவுசெய்ய வேண்டியிருந்தது. இரவு நித்திரை வரவில்லை."

இனி, நான் பேச வந்ததன் முக்கியமான பகுதிக்கு வருகின்றேன். நூறு பேர் "ஐயோ, காப்பாற்றுங்கள், பரியாரியார் எங்கே?" என்று கூவும் களத்திலே, ஒருவருக்கு மெய்யாகவே கணுக்கால் பிறழ்ந்துவிட்டது என்று வையுங்கள். வெயிலிலே நீர் வற்றி மயங்கியும் விழலாம். அவரும் "ஐயோ" என்றுதான் கூவுவார். பொய்யான ஓலத்திலிருந்து மெய்யான ஓலத்தைப் பிரித்தறிவது எங்ஙனம்?

அதற்கென்றே ஆட்டத்தில் வேறெதற்கும் பயன்படாத ஒரு சொல்லை ஒதுக்கி வைக்கின்றார்கள். பேர்க்கிளிச் சங்கத்திலே "ஹோல்ட்" என்று எவர் கூவினாலும், கூவியவர் யாரென்று பாராது, ஓங்கிய வாள் ஓங்கியபடியே நிற்கும். நோர்வே முதலிய வட ஐரோப்பிய நாடுகளிலே இரு சொற்கள். "குத்" என்றால் ஆட்டம் முழுதும் நிற்க வேண்டும். "பிரெம்ஸ்" என்றால், என்னால் இதற்கு மேல் தாங்க முடியவில்லை, சற்றுத் தணியுங்கள் என்பது பொருள். பிரித்தானியப் படையினரும் ஒத்திகையின்போது மெய்யான விபத்து நேர்ந்தால் "நோ டஃப்" என்று முதலிலே சொல்லி, இது ஒத்திகை அன்று என அறிவிப்பார்கள். பெரிய ஆட்டங்களிலே வேடம் பூணாத மெய்யான முதலுதவியாளர் வேறாக நிற்பார்கள். அந்தச் சொல் கேட்டதும் பொய்ப் பரியாரியார் விலகி அவர்களுக்கு இடம்விட வேண்டும். எமது தம்பி மட்டும் விலகாமல் வேலையைத் தொடங்கிவிடுவாராம்.

இந்தப் பகுதியை அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய 30 ஆண்டுகளுக்கு முன், நான் இளம் ஆசிரியனாயிருந்த பாடசாலையிலே, முதலுதவிப் படையினருக்கு ஒரு பரீட்சை நடைபெற்றது. மாணவர் சிலரைக் காயக்காரராக்கி, சிவப்புச் சாயம் பூசி, மைதானத்திலே ஆங்காங்கே கிடத்தினோம். ஒரு பையனுக்கு நெஞ்சிலே அடிபட்டவன் வேடம். மூச்சு முட்டுவதுபோல நடிக்க வேண்டும். அவனுக்கு முட்டு வருத்தம் இருந்ததை நான் அறிந்திருந்தேன். அந்த வேளையிலே நினைக்கவில்லை. வறண்ட மாதம், புழுதி. பையன் இழுத்து இழுத்து மூச்சு விட்டான். "நன்றாகச் செய்கிறான்," என்றார் பரீட்சகர். கையை உயர்த்தி, "சேர், இது நடிப்பில்லை," என்று அவன் சொல்ல முயன்றான். அதையும் நடிப்பென்றே எண்ணினோம். நானும் சிரித்தேன். மைதானத்தின் ஓரத்திலே தண்ணீர் கொண்டுவந்த சமையற்காரம்மாதான் அவன் உதடுகளைப் பார்த்துவிட்டுக் குடத்தைக் கீழே போட்டாள். பையன் பிழைத்தான், இன்று பிள்ளை குட்டியோடு வாழ்கின்றான். குடம் விழுந்த அந்த ஓசை என் காதை விட்டு இன்னும் போகவில்லை.

காயக்காரராக நடிப்பதை ஒரு கலையாகவே பயிற்றும் சங்கமொன்று இங்கிலாந்திலே இருக்கின்றது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், சறே பகுதியிலுள்ள லெதர்ஹெட் என்ற ஊரிலே எரிக் கிளாக்ஸ்ரன் என்பவர் அதனைத் தொடங்கினார். முரட்டுத்தனமாகத் தூக்கினால் முனகவும், முறையாகக் கையாண்டால் தெளியவும் அவர்கள் பழகியிருப்பார்கள். எங்கள் பரீட்சை நடந்த நாளிலே இவையெதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பொய்க் காயத்தை வைத்து விளையாடுவது எங்களுக்குத் தகுமா என்று உங்களிற் சிலர் கேட்கக்கூடும். 2009ஆம் ஆண்டு வரை இந்நாட்டிலே மெய்க் காயங்களைப் பார்த்தவர்கள் நாங்கள். அந்தக் கேள்வியை நானும் தம்பியிடம் கேட்டேன். சிறுவயதிலே அவரும் பார்த்தவரே. நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "அங்கே யார் விழுந்தாலும், எந்தப் பக்கத்தவரானாலும், எண்ணி முடிவதற்குள் யாராவது ஒருவர் வந்து குனிந்து பார்க்க ஓடி வருவார்கள், சேர். அதற்காகத்தான் போகிறேன்," என்றார். அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை. எல்லாருக்கும் அது மருந்தாகும் என்று நான் சொல்ல மாட்டேன். பெற்றோர் விரும்பாத பிள்ளைக்கும், தானே தயங்கும் பிள்ளைக்கும் காயக்கார வேடம் கொடுப்பதில்லை என்பது எங்கள் பாடசாலையின் வழக்கம்.

இப்பொழுது எங்கள் முதலுதவி ஒத்திகை தொடங்குமுன் எல்லாரையும் நிறுத்தி ஒரு சொல்லைச் சொல்லிக் கொடுக்கின்றோம். அந்தச் சொல்லைத் தெரிவுசெய்தவர்கள் மாணவர்களே. நான் கம்பீரமான தமிழ்ச் சொல் இரண்டு மூன்று கொடுத்துப் பார்த்தேன்; ஒன்றும் எடுபடவில்லை. "மணி அடிச்சாச்சு" என்பதையே அவர்கள் விரும்பினார்கள். பாடசாலையிலே எந்த விளையாட்டும் நிற்பது அதற்குத்தானே.

சென்ற ஆண்டு ஒத்திகையின்போது அது முதன்முறையாக ஒலித்தது. மாமரத்தின் கீழே கால் முறிந்தவளாகக் கிடந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, "மணி அடிச்சாச்சு, மணி அடிச்சாச்சு!" என்று அலறினாள். மைதானம் முழுதும் ஒரு நொடியிலே அசையாமல் நின்றது. நான் ஓடினேன், இந்த வயதிலே நான் அவ்வளவு விரைவாக ஓடுவேன் என்று எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்தால், கிளையிலிருந்து முசுறுக் கூடொன்று உடைந்து அவள் கழுத்திலே விழுந்திருந்தது. நாலு பேர் சேர்ந்து முசுறுகளைத் தட்டிவிட்டோம். கடித்த இடங்களுக்குக் குளிர்நீர் வைத்தார்கள். பின்பு அவளே, முறிந்த காலோடு தள்ளித் தள்ளிப் போய் வேப்பமரத்தின் கீழே படுத்துக்கொண்டு, "இனித் தொடங்குங்கோ," என்றாள்.