செப்புத் தகட்டில் எழும் உருவங்கள்

செப்புத் தகட்டை வெட்டாமலும் செதுக்காமலும், பின்புறத்தில் அழுத்தி முன்புறத்தில் உருவத்தைப் புடைத்தெழச் செய்வது நகாசு வேலையின் ஒரு பிரிவாகும். கோயில் கவசங்களிலும் தஞ்சாவூர்த் தட்டின் வெள்ளி உருவங்களிலும் நேயர்கள் கண்டிருக்கும் இவ்வேலையை, ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிப்புள்ள மெல்லிய தகட்டைக் கொண்டு வீட்டு மேசையிலேயே பழகலாம்.

தொழில்முறைக் கொல்லர் அல்லாதோரும் இக்கலையில் தேர்ச்சி பெற இயலும் என்பதற்கு, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள நியூலின் என்னும் மீன்பிடி ஊர் சான்றாகும். அங்கு 1890ஆம் ஆண்டில் ஜான் டிரூ மெக்கன்சி என்னும் ஓவியர் தொடங்கிய வகுப்பில், கடலுக்குச் செல்ல இயலாத நாட்களில் வருவாயின்றி இருந்த மீனவர்கள் செப்பு வேலையைக் கற்றனர். அவர்கள் உருவாக்கிய தட்டுகளில் மீன்களும் படகுகளும் பெரிதும் இடம்பெற்றமை இயல்பே. நாள்தோறும் கண்ட வடிவங்களைக் கை எளிதில் அறியும்.

இவ்வேலைக்குத் தாமிரம் ஏற்றதாக இருப்பது ஏன் என்பதே இதன் சுவைமிக்க பகுதி. உலோகத்தின் உள்ளே அணுக்கள் நுண்ணிய படிகங்களாக அடுக்கப்பட்டுள்ளன. தகட்டைத் தட்டத் தட்ட அவ்வடுக்குகளில் பிறழ்வுகள் பெருகி, ஒன்றையொன்று தடுத்து நிற்பதால், தகடு வளைய மறுத்து இறுகுகிறது. அதற்கு மேலும் தட்டினால் விரிசல் விடுகிறது. இறுகிய தகட்டை மங்கிய செந்நிறம் தோன்றும் வரை சூடாக்கினால், பிறழ்வற்ற புதிய படிகங்கள் உருவாகி, அது மீண்டும் மென்மை பெறுகிறது. தாமிரத்தின் உருகுநிலையாகிய 1,085 பாகை செல்சியஸை நெருங்க வேண்டிய தேவை இதற்கில்லை. சிவக்கக் காய்ச்சிய எஃகை நீரில் தோய்த்தால் கடினமாகும். தாமிரமோ நீரில் தோய்த்தாலும் மென்மையாகவே இருக்கும் என்பதை நேயர்கள் குறித்துக்கொள்ளலாம். ஆழமான புடைப்புகளைச் செய்வோர் தட்டுவதும் சூடாக்குவதுமாக மாறி மாறிச் செல்வது இக்காரணத்தினாலேயே. வீட்டு வேலைக்கு மென்மையாக்கப்பட்ட தகடே கிடைப்பதால், தொடக்கநிலையினர்க்கு நெருப்பு தேவைப்படாது.

தகட்டை மடித்த துணியின்மேலோ ரப்பர் விரிப்பின்மேலோ வைத்து, மை தீர்ந்த பேனாவால் கோட்டை வரைந்து, திருப்பிப் போட்டு, உருண்டை முனையுள்ள மரக்குச்சியால் உட்பகுதியை மெல்ல அழுத்திய பின்னர், மீண்டும் முன்புறம் திருப்பிச் சமதளத்தில் வைத்து ஓரங்களைப் படிய வைத்தால் உருவம் தெளிவுறும். தகட்டின் விளிம்பு கத்தியைப் போல் அறுக்கும் என்பதால் கையுறை இன்றியமையாதது. எழுந்த உருவம் விரல் பட்டு நசுங்காதிருக்கப் பின்புறப் பள்ளங்களை மெழுகால் நிரப்புவர்.

கறுத்த தகட்டைப் புளி துலக்குவது, அதிலுள்ள அமிலம் ஆக்சைடு படலத்தைக் கரைப்பதாலாகும். மாறாக, பழமைத் தோற்றம் வேண்டுவோர், வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவோடு தகட்டை மூடிய பாத்திரத்தில் வைத்தால், அதிலிருந்து வெளிப்படும் கந்தக வாயு செம்பைக் கருக்குகிறது. புடைத்த பகுதிகளை மட்டும் தேய்த்தெடுத்தால் பள்ளங்களில் நிழல் தங்கும்.

வரைதல், பின்புறம் அழுத்துதல், முன்புறம் திருத்துதல், நிரப்புதல், நிறமேற்றுதல் என்னும் இவ்வரிசையை நினைவிற்கொண்டு, நேயர்கள் தத்தம் வாசற்கோலத்தையோ தோட்டத்து இலையையோ முதல் தகட்டில் எழுப்பிப் பார்ப்பார்கள் என்று நம்பலாம்.