நீந்தத் தெரிந்த பிள்ளையிடம் என்ன கேட்பது?

(இணையவழி நேரலைச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

உங்களில் சிலருக்கு இது விடிகாலை, சிலருக்கு நடுச்சாமம். இங்கே டென்மார்க்கில் ஞாயிறு பின்னேரம். நித்திரையை விட்டு வந்தவர்களுக்கு முதலில் நன்றி.

இந்தச் சந்திப்புகளில் இதுவரை நாவல்களையும் கவிதைத் தொகுப்புகளையும் பற்றித்தான் பேசியிருக்கிறோம். நான் ஒரு யப்பானிய அனிமேத் தொடரைப் பற்றிக் கதைக்கப் போகிறேன் என்று சொன்னதும் ஒருங்கிணைப்பாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி அக்கா, உங்கட விருப்பம்" என்றார். அவருடைய தயக்கம் எனக்கும் இருந்தது. ஆனாலும் கடந்த இரண்டு வருடத்தில் எந்த நாவலையும்விட இந்தத் தொடர்தான் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது.

தொடரின் பெயர் 'ஃப்ரீ!'. உயர்தரப் பள்ளி நீச்சல் அணி ஒன்றின் கதை. முதல் பருவம் 2013இல் வந்தது. நான் பேசப்போவது 2014 யூலை முதல் செப்டெம்பர் வரை பதின்மூன்று அத்தியாயங்களாக ஒளிபரப்பான இரண்டாம் பருவத்தைப் பற்றி. அதற்கு 'எடர்னல் சமர்', முடிவில்லாக் கோடை, என்று பெயர். தயாரித்தது கியோட்டோ அனிமேஷன், இயக்கியவர் ஹிரோகோ உட்சுமி என்ற பெண். 2019 யூலை 18ஆம் திகதி இந்த நிறுவனத்தின் கட்டடத்துக்கு ஒருவன் தீ வைத்ததில் 36 பேர் இறந்ததை நீங்கள் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். இந்தத் தொடரின் பிள்ளைகளுக்கு முகமும் உடலும் வரைந்து கொடுத்த ஃபுதோஷி நிஷியாவும் அவர்களில் ஒருவர். அதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது, தண்ணீருக்குள் சிரிக்கும் அந்தப் பிள்ளைகளைச் சாதாரணமாகப் பார்க்க முடிவதில்லை.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடர் பெயர் எடுத்தது கதைக்காக மட்டும் இல்லை. திரண்ட தோள்களோடு நீச்சல் உடுப்பில் நிற்கும் பெடியன்களை இளம் பெண்கள் பார்த்து ரசிக்க வேண்டும் என்றே பல காட்சிகள் வரையப்பட்டிருக்கின்றன. முதல் அத்தியாயத்தைப் பார்த்தபோது, "இதையா நீ பார்க்கிறாய்?" என்று மகனைக் கேட்டேன். "கொஞ்சம் பொறுங்கோ அம்மா" என்றான். பொறுத்தேன்.

கதை இவாதோபி என்ற கற்பனை ஊரில் நடக்கிறது. தொத்தோரி மாகாணத்தில் இருக்கும் இவாமி என்ற உண்மையான கடற்கரை ஊரைப் பார்த்து வரைந்தது. எனக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. நான் பிறந்தது யாழ்ப்பாணக் கரையோரத்தில், வலைகளுக்கும் மாதா கோயிலுக்கும் நடுவில். கதையில் ரின் என்றொரு பையன். அவனுடைய அப்பா கடலுக்குப் போய்ப் புயலில் இறந்தவர். மகோதோ என்ற இன்னொருவன் நன்றாக நீந்துவான், ஆனால் கடல் என்றால் பயம், சின்ன வயதில் தெரிந்த ஒருவரைக் கடலுக்குக் கொடுத்தவன். எங்கள் ஊரிலும் இப்படிப்பட்ட வீடுகள் உண்டு. கடலுக்குப் பக்கத்தில் வளர்ந்தும் எனக்கு நீந்தத் தெரியாது. பெண் பிள்ளைகளுக்கு யாரும் பழக்கவில்லை.

நாயகன் ஹருகா. தண்ணீர் பிடிக்கும் என்பதற்காக மட்டும் நீந்துகிறவன். நேரக்கணக்கு, பதக்கம் எதுவும் அவனுக்குப் பொருட்டில்லை. இரண்டாம் பருவத்தில் அவன் கடைசி வருட மாணவன். பல்கலைக்கழகங்களிலிருந்து ஆட்கள் அவன் நீந்துவதைப் பார்க்க வருகிறார்கள். அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அவனிடம் பதில் இல்லை. போட்டியொன்றில் பாதி நீந்தியவன் நடுத் தடாகத்தில் அப்படியே நின்றுவிடுகிறான். காலில் பிடிப்பும் இல்லை, மூச்சுத் திணறலும் இல்லை. பார்க்கிற கண்களின் பாரம் மட்டும்தான்.

அந்தக் காட்சியை மகன் திரும்பத் திரும்பப் பார்த்தான்.

அவன் ஒன்பது வயதில் நீச்சல் கழகத்தில் சேர்ந்தவன். கிழமைக்கு மூன்று நாள் நான் சப்பாத்துக்கு மேல் நீல உறையைப் போட்டுக்கொண்டு, குளோரீன் மணக்கும் வாங்கில் உட்கார்ந்திருப்பேன். என் பிள்ளை தண்ணீருக்குள் பயமில்லாமல் போகிறான் என்பதே எனக்குப் பெரிய வெற்றி. பிறகு அவன் போட்டிகளில் வெல்லத் தொடங்கினான். எனக்கு ஆசை வந்தது. ஆசை வந்ததும் கேள்விகள் வந்தன. நேரம் எத்தனை? போன முறையைவிடக் கூடவா, குறைவா? மருத்துவத்துக்குப் புள்ளி காணுமா?

ஜிம்னாசியத்தின் கடைசி வருடத்தில் ஒரு நாள், பின்னேர வேலை முடிந்து நான் நடுச்சாமம் வீட்டுக்கு வந்து சோறு சூடாக்கும்போது, அவன் குசினி வாசலில் நின்று சொன்னான், "அம்மா, நான் நீச்சலை விட்டிட்டன். படிப்பு முடிய சபாத்தோர் எடுக்கப் போறன்."

டென்மார்க்கில் இல்லாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். இங்கே பிள்ளைகள் யூன் மாதக் கடைசியில் வெள்ளைத் தொப்பி போட்டு, லொறியில் ஏறி, ஒவ்வொரு வீடாகப் போய்ப் பட்டம் பெற்றதைக் கொண்டாடுவார்கள். அதற்குப் பிறகு கனபேர் ஒரு வருடமோ இரண்டு வருடமோ படிக்காமல் வேலை செய்வார்கள், ஊர் சுற்றுவார்கள், யோசிப்பார்கள். அந்த வருடத்துக்குப் பெயர் சபாத்தோர். டெனிஷ் பெற்றோர் அதை மழை வெயில் மாதிரி எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அடுப்பு அணைந்த மாதிரி இருந்தது.

ஏன் என்றால், எங்கள் ஆட்களுக்குக் காத்திருப்பு என்பது ஓய்வு இல்லை. எனக்கு முன்னால் இங்கே வந்தவர்கள் 1987, 88இல் மனைவி பிள்ளைகளைக் கூப்பிட விண்ணப்பித்துவிட்டுக் கடிதத்துக்குக் காத்திருந்தவர்கள். அந்த விண்ணப்பங்களை நீதி அமைச்சர் சட்டத்துக்கு மாறாக நிறுத்தி வைத்தார். அந்த வழக்கினால் 1993 சனவரியில் பிரதமர் போல் ஸ்லூட்டர் பதவி விலகினார். நானும் யாழ்ப்பாணத்துத் தாதியர் டிப்ளோமாவோடு வந்து, முதியோர் இல்லத்தில் உதவியாளராக வேலை செய்து, மொழி படித்து, திரும்பவும் தாதியாக வருடங்கள் எடுத்தவள். காலம் வீணாகக் கூடாது என்பது எங்களுக்குள் ஊறிப்போனது.

அன்றைக்கு அவனிடம் சொன்னதை இங்கே திருப்பிச் சொல்ல மாட்டேன். என் கஷ்டங்களை எல்லாம் அவன் தலையில் இறக்கினேன். அவன் ஒன்றும் பேசாமல் அறைக்குள் போனான். பேச்சு இல்லாமல் மூன்று கிழமை போனது. பிறகு ஒரு சனிக்கிழமை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதை என்னோட இருந்து பாருங்கோ" என்றான்.

தொடரில் சோசுகே என்றொரு பையன் இரண்டாம் பருவத்தில்தான் வருகிறான். தனியே அளவுக்கு மீறிப் பயிற்சி எடுத்துத் தோளைக் கெடுத்துக்கொண்டவன். தன் எதிர்கால நீச்சல் முடிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரியும். நண்பன் ரின்னோடு ஒரு தடவை ஒரே அஞ்சல் அணியில் நீந்துவதற்காக நோவை மறைத்துக்கொண்டு வருகிறான். தோளில் கை வைக்கும் விதத்திலேயே எனக்குப் பிடிபட்டுவிட்டது. நீச்சல் வீரர்களின் தோள்மூட்டு ஒரு நாளிலேயே ஆயிரக்கணக்கான தடவை சுழலும். தசைநாண் அழன்று நோகும்போது ஓய்வு கொடுக்காவிட்டால் அது மன்னிக்காது.

வைத்தியசாலையில் நான் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை கேட்கிற கேள்வி, "நோ எவ்வளவு? பூச்சியத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள்" என்பது. யூலான்ட் பக்கத்து வயதான விவசாயிகள் இடுப்பு எலும்பு முறிந்து கிடந்தாலும் "மூன்று" என்பார்கள். முகத்தைப் பார்த்தால் எட்டு. நான் முகத்தைத்தான் எழுதிக்கொள்வேன்.

சோசுகேயின் தோள் காட்சி முடிய மகன் படத்தை நிறுத்தினான். "எனக்கும் இப்படித்தான் அம்மா. ஆனா நோ தோளில இல்லை" என்றான். போட்டிக்கு முந்திய இரவுகளில் அவன் நித்திரை கொண்டதே இல்லையாம். ஒன்றரை வருடமாக. அடுத்த அறையில் படுத்த தாதிக்கு அது தெரியவில்லை. முன்பின் தெரியாதவர்களின் முகத்தைப் படித்த நான், என் பிள்ளையின் நேரக்கணக்கை மட்டும் படித்துக்கொண்டிருந்தேன்.

இது யப்பானியக் கதை, எங்கள் வீட்டுக் கதை என்று நிறுத்தவும் முடியாது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் டென்மார்க் பெண்கள் 4×100 மீற்றர் கலப்பு அஞ்சல் நீச்சலில் வெண்கலம் வென்றார்கள். மீ நீல்சன், ரிக்க மொல்லர் பெடர்சன், ஜனெற் ஒட்டசன், பெர்னில புளூம். ஹருகாவும் நண்பர்களும் நீந்துகிற அதே நான்கு வகை நீச்சல், அதே ஒழுங்கு. நாடே கொண்டாடியது. 2019இல் ஓர் ஆவணப்படம் வந்தது. முந்திய வருடங்களில் தேசிய அணியில் இளம் வீராங்கனைகளைச் சக வீரர்களுக்கு முன்னால் எடை நிறுத்தார்கள் என்பதும், சிலர் உணவுக் கோளாறுகளோடு போராடினார்கள் என்பதும் வெளியே வந்தது. சுயாதீன விசாரணையும் நடந்தது. பிள்ளைகளை நன்றாக நடத்துகிற நாடு என்று நாங்கள் நம்புகிற இந்த நாட்டிலேதான் இது நடந்தது. இலக்கத்தை மட்டும் பார்க்கிற கண் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

அப்படியானால் பிள்ளையிடம் ஒன்றுமே கேட்காமல் விடுவதா? தொடர் அப்படிச் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. கடைசிப் பகுதியில், வாணவேடிக்கை நடக்கும் இரவில், சாந்தமான மகோதோ ஹருகாவோடு சண்டை பிடிக்கிறான். உன் எதிர்காலத்தைப் பற்றி யோசி என்று குரல் உயர்த்துகிறான். தான் தோக்கியோவுக்குப் படிக்கப் போவதையும் அப்போதுதான் சொல்கிறான். ஹருகாவுக்கு அது இடி. பிறகு ரின் அவனை அவுஸ்திரேலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறான். தான் சின்ன வயதில் தனியாகத் தவித்த இடங்களைக் காட்டுகிறான். உலக வீரர்கள் நீந்துகிற பெரிய தடாகத்தில் அவனை இறக்கிவிடுகிறான். அங்கே ஹருகா தனக்கு என்ன வேண்டும் என்று முதல் தடவை உணர்கிறான்.

இதில் எனக்குக் குறையும் உண்டு. ஒரு விமானப் பயணத்தில் தீர்வது மிகச் சுலபம். ஹருகாவின் பெற்றோர் வேறு ஊரில் இருக்கிறார்கள், கதையில் அவர்களுக்கு வேலையே இல்லை. குசினியில் நின்று சோறு சூடாக்குகிற ஒரு அம்மாவை இந்தக் கதைக்குள் விட்டிருந்தால் சிக்கல் கூடியிருக்கும். ஆனால் ரின் செய்த ஒன்றைக் கவனியுங்கள். அவன் தன் வெற்றியைக் காட்டிப் புத்தி சொல்லவில்லை. தான் தோற்ற இடத்தைக் காட்டினான். நான் என் கஷ்டத்தை மகனிடம் கடனாகச் சொன்னேன். ரின் அதை வழியாகக் காட்டினான்.

யோவான் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் பெத்சதா குளக்கரையில் முப்பத்தெட்டு வருடம் நோயோடு கிடந்த ஒரு மனிதன் வருகிறான். இயேசு அவனிடம் ஏன் இவ்வளவு காலத்தை வீணாக்கினாய் என்று கேட்கவில்லை. சுகமாக உனக்கு விருப்பமா என்றுதான் கேட்கிறார். அவன் சொல்கிற பதில், தண்ணீரில் இறக்கிவிடத் தனக்கு ஆள் இல்லை என்பது. எத்தனையோ தடவை கேட்ட வாசகம். இந்தத் தொடருக்குப் பிறகுதான் அந்தக் கேள்வியும் பதிலும் எனக்கு விளங்கின. 'சபாத்' என்ற சொல்லும் எங்கள் வேதாகமத்துச் சொல்தான். ஏழாம் வருடம் நிலத்துக்கே ஓய்வு கொடுக்கச் சொன்ன புத்தகத்தை வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு ஒரு வருடம் கொடுக்க நான் பேரம் பேசினேன்.

மகன் இப்போது ஒரு பலசரக்குக் கடையில் விடியப்புறம் சாமான் அடுக்குகிறான். என்ன படிக்கப் போகிறான் என்று இன்னும் முடிவில்லை. எனக்கு நித்திரை வராத இரவுகள் இருக்கின்றன, பொய் சொல்ல மாட்டேன். போன மாதம் ஒரு நாள் நீச்சல் தடாகத்துக்குப் போய்விட்டு ஈரத் தலையோடு வந்தான். நேரம் எத்தனை என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, "தண்ணி எப்பிடி இருந்தது?" என்று கேட்டேன்.

"நல்லா இருந்தது அம்மா" என்றான். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கதைக்கத் தொடங்கினான். அன்றைக்கு நான் வேலைக்குப் பத்து நிமிடம் பிந்தித்தான் போனேன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.