மணக்கும் கடுந்தேநீர்



பெரட்டுக்குப் புறப்படும் முன் ஒரு குவளை, வேலை முடிந்து வந்ததும் ஒரு குவளை என்று தேநீரோடுதான் நம் பொழுது நகர்கிறது. ஆனால் அதை எப்படிக் குடிக்கிறோம்? டின்பாலை ஊற்றி, சீனியையும் அள்ளிப் போடுகிறோம். இனிப்பு தெரிகிறது, தேயிலை தெரிவதில்லை. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது, பால் சேர்க்காமல் மணத்துக்காகவே குடிக்கும் ஒரு கடுந்தேநீரைப் பற்றி. கடைகளில் ‘ஏர்ல் கிரே’ என்ற பெயரில் அது கிடைக்கிறது. துரைமார் குடிப்பது நமக்கெதற்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

இது வேறொன்றுமில்லை; கறுப்புத் தேயிலையில் பெர்கமோட் என்ற பழத்தின் தோலிலிருந்து எடுத்த எண்ணெயைச் சேர்த்தது. பெர்கமோட், எலுமிச்சையும் கசப்பு ஆரஞ்சும் கலந்து பிறந்த இனம். இத்தாலியின் தென்கோடியிலுள்ள கலாப்ரியாக் கடற்கரையில்தான் அது பெரும்பாலும் விளைகிறது. சதை புளிப்பும் கசப்புமாக இருக்கும், மதிப்பெல்லாம் தோலுக்குத்தான். நாரத்தங்காய்த் தோலைக் கிள்ளினால் விரலில் ஒட்டுமே ஒரு வாசம், அதற்கு உறவான வாசம் இது. இந்த மணத்தைத் தரும் பொருள்களில் ஒன்றான லினலூல், நம் அடுப்படியிலுள்ள கொத்தமல்லி விதையிலும் உண்டு. தேயிலையிலும் இயற்கையாகவே உண்டு. இரண்டும் இணங்கிப் போவதில் வியப்பில்லை.

பெயருக்குரிய கிரே பிரபு, 1830 முதல் 1834 வரை பிரிட்டனின் பிரதமராக இருந்தவர். சீனர் ஒருவர் நன்றிக்கடனாக இந்தக் கலவையை அவருக்குக் கொடுத்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. அவர் சீனாவுக்குப் போனதும் இல்லை. ஆனால் ஆதாரமுள்ள செய்தி ஒன்று நம்மைத் தொடுகிறது. அவருடைய ஆட்சியில்தான், 1833இல், அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது. அடிமைகள் விடுதலையானதும் கரும்புத் தோட்ட முதலாளிகள் வேறு கைகளைத் தேடினார்கள். 1834இல் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக மொரீஷியசுக்குக் கப்பலேறினார்கள். அந்த ஒப்பந்த முறை மலாயாவுக்கும் வந்தது. கரும்புக்கும் காப்பிக்கும், பின்னர் ரப்பருக்கும் நம் முன்னோர் வந்து சேர்ந்தார்கள். ஒப்பந்தத்தின்மேல் மலாயாவுக்கு ஆள் எடுப்பது 1910இல்தான் நிறுத்தப்பட்டது. 1929இல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. அந்த மலைச்சரிவுகளில் கொழுந்து கிள்ளிய கைகளில் தமிழர் கைகளும் உண்டு. பெட்டியின்மேல் பிரபுவின் பெயர் இருக்கட்டும். உள்ளே இருப்பது தொழிலாளியின் உழைப்பு. அதன் நல்ல சுவையை அறியும் உரிமை நமக்கும் உண்டு.

இனி, போடும் முறையைப் பார்ப்போம். கடுந்தேநீர் என்றால் நெடுநேரம் கொதிக்க வைத்த தேநீர் என்று எண்ணிவிடக் கூடாது. கொதிக்கக் கொதிக்க மணம் ஆவியோடு போய்விடும், கசப்புதான் மிஞ்சும். கடுமை வேண்டுமானால் தூளைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள். குவளைக்கு ஒன்றரைத் தேக்கரண்டி தூள் போட்டு, தளதளவென்று கொதித்த நீரை ஊற்றி, தட்டால் மூடி வையுங்கள். நான்கு நிமிடம் போதும். வடிகட்டிச் சூட்டோடு குடியுங்கள்.

மூடியைத் திறந்ததும் முதலில் மணம் வரும். அடுத்து நாக்கில் துவர்ப்பு. விழுங்கிய பின்னும் வாயில் தங்குவது இலேசான கசப்பும் பழவாசமும். இம்மூன்றும் தனித்தனியே தெரிய வேண்டுமானால் பாலைத் தள்ளி வையுங்கள். சீனி இல்லாமல் முடியாதென்றால் அரைத் தேக்கரண்டியில் தொடங்கி, நாளடைவில் குறைத்துக்கொள்ளலாம். இந்நாட்டில் நீரிழிவு நம்மவரிடையே அதிகம் காணப்படுகிறது. இனிப்பைக் குறைப்பது சுவையை இழப்பதாகாது. இந்தத் தேநீரில் அதுதான் சுவையைக் கண்டுபிடிக்கும் வழி.

தூளை இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். மசாலைத் தூளுக்குப் பக்கத்தில் வேண்டாம். தேயிலை அண்டை வாசத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும்.

இரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. தேநீரின் துவர்ப்புப் பொருள், கீரை, பருப்பு போன்றவற்றிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். ஆகவே சாப்பாட்டோடு குடிக்காமல், ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கர்ப்பிணிகளும் இரத்தச் சோகை உள்ளவர்களும் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அடுத்து, அளவு. நாளுக்கு 4 லிட்டர் வரை இந்தத் தேநீரைக் குடித்துவந்த 44 வயதுக்காரர் ஒருவர் தசைப்பிடிப்பால் அவதிப்பட்டதை ஆஸ்திரிய மருத்துவர் ஒருவர் 2002இல் எழுதினார். பெர்கமோட் எண்ணெயிலுள்ள ஒரு பொருளே காரணம் என்று அவர் கருதினார். மணமில்லாத கறுப்புத் தேநீருக்கு மாறியதும் தொல்லை நீங்கியது. நமக்கு இரண்டு குவளை போதுமே!

தோட்டத்தில் இருந்தாலும், வெளியேறி வீடமைப்புப் பகுதியில் குடியிருந்தாலும், மாலையில் பத்து நிமிடம் குடும்பத்தோடு உட்காருங்கள். பிறர் குடிப்பதற்காகவே தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் நாம். நமக்கென்று ஒரு குவளையை நிதானமாகப் போட்டு, மணந்து, சுவைத்துக் குடிப்போம்.