சாராவிடம் கேட்டார்களா?

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



ஆபிரகாம் காரானை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 75 என்று தொடக்கநூல் 12ஆம் அதிகாரம் சொல்கிறது. நம் வீடுகளில் அந்த வயதுக்காரரைச் சாய்வு நாற்காலியை நகர்த்தக்கூட விடமாட்டோம். அவரோ கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். குருமடத்தில் இந்தப் பகுதிக்கு அழைப்பு, நம்பிக்கை, கீழ்ப்படிதல் என்று பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதினேன். ஒரு கேள்வி மட்டும் அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. சாராவிடம் யாராவது கேட்டார்களா? இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில், 65 வயதான ஒரு அம்மா.

2016ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அங்கே ஒரு பங்கில் பணியாற்றினேன். அந்தப் பங்கின் தந்தை விடுமுறையில் இருந்தார். நான் போன நேரம், இந்த அம்மாவும் அவர் கணவரும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். மூத்தோர் இல்லத்துக்கோ மகள் வீட்டுக்கோ போவதற்காக அல்ல. ஒரு வண்டிக்குள் குடியேறுவதற்காக!

அதை அங்கே ஆர்.வி. என்கிறார்கள். சமையலறை, படுக்கை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி. சில வண்டிகளுக்கு அவற்றுக்கே எஞ்சின் உண்டு. இவர்கள் வாங்கியிருந்தது பிக்கப் லாரியின் முதுகில் கொக்கி மாட்டி இழுத்துச் செல்லும் வகை. ஓய்வுபெற்ற பலர் வீட்டை விற்றுவிட்டு ஆண்டு முழுவதும் இதில்தான் வாழ்கிறார்கள். குளிர்காலத்தில் அரிசோனா பாலைவனத்தில் குவார்ட்சைட் என்ற சிற்றூரைச் சுற்றிப் பெரும் கூட்டமாக வண்டிகளை நிறுத்திக்கொள்வார்கள். கோடை வந்தால் வடக்கே மலைப்பக்கம். 62 வயது ஆகிவிட்டால் தேசியப் பூங்காக்களுக்கு வாழ்நாள் அனுமதி அட்டை கிடைக்கும். அப்போது அது 10 டாலர்தான்; 2017இல் 80 ஆக்கிவிட்டார்கள். எல்லாரும் ஆசைப்பட்டுப் போகிறவர்கள் என்று நினைக்க வேண்டாம். 2008ஆம் ஆண்டின் வீட்டுக்கடன் நெருக்கடிக்குப் பிறகு வேறு வழியின்றி வண்டிக்குள் போனவர்களும் உண்டு.

அந்த ஐயா ஆசைப்பட்டுப் போகிறவர். பத்து ஆண்டுக் கனவு. வரைபடம், அட்டவணை எல்லாம் தயார். வண்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டை எனக்குக் காட்டினார். இந்த வண்டியில் ஏற்றக்கூடிய சுமை இவ்வளவுதான் என்று அதில் அச்சிட்டிருக்கும். அவர்களுடையது 2,000 பவுண்டு, நம் கணக்கில் ஏறக்குறைய 900 கிலோ. 60 காலன் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினாலே அதில் 500 பவுண்டு போய்விடும். மீதி 1,500 பவுண்டுக்குள் துணிமணி, பாத்திரம், மருந்து, படுக்கை, கருவி, எல்லாம் அடங்க வேண்டும். மீறினால் நெடுஞ்சாலையில் டயர் வெடிக்கும். அதனால் லாரிகளை எடைபோடும் மேடையில் வண்டியை ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் புறப்படுவார்கள். நான்கு படுக்கையறை வீடு 1,500 பவுண்டாகச் சுருங்க வேண்டும்!

அந்த ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. லூக்கா நற்செய்தி 12ஆம் அதிகாரம், களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வனின் உவமை. எனக்குக் கேட்க வேண்டுமா? 23 கிலோ பெட்டி இரண்டோடு விமானம் ஏறி வந்தவன் நான். "பொருளை விட்டுவிடுங்கள், லேசாக நடங்கள்" என்று வெளுத்து வாங்கினேன். வாசலில் அந்த ஐயா என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் அந்த அம்மா ஓர் அட்டைப் பெட்டியோடு பங்கு இல்லத்துக்கு வந்தார். உட்கார்ந்ததும் சொன்னார்: "ஃபாதர், நேற்று நீங்கள் பேசியதிலிருந்து என் வீட்டில் எனக்கு வாயே இல்லாமல் போய்விட்டது."

அவருக்குப் போகவே மனம் இல்லை என்பதல்ல. 'எங்கே போகிறோம், எப்போது, எதை விடுகிறோம் எல்லாமே அவர் முடிவு. நான் ஏதாவது சொன்னால், பார், சாமியாரே சொல்லிவிட்டார் என்கிறார்' என்பதுதான் வருத்தம். பன்னிரண்டு பேருக்கான பீங்கான் தட்டுகளை மகள்கள் இருவரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட முடியாத தட்டு இந்தக் காலத்தில் யாருக்கு வேண்டும்? அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். ஆனால் அவருடைய தையல் இயந்திரத்துக்கும் "எடை அதிகம், விற்பனைக்கு" என்று கணவர் சீட்டு ஒட்டிவிட்டார்.

பெட்டியைத் திறந்தார். அவர் தாயாரின் புனித அன்னம்மாள் சுரூபம், கழுத்தில் உடைந்தது. இருபது செபமாலைகள். காய்ந்த குருத்தோலைகள். பிள்ளைகளின் திருமுழுக்கு மெழுகுதிரி. "இதையும் மேசையில் வைத்து ஒரு டாலருக்கு விற்கச் சொல்கிறார். விற்கலாமா?"

திருச்சபைச் சட்டம் புனிதர்களின் திருப்பண்டங்களை விற்பதை முற்றிலும் தடைசெய்கிறது. அது 1190ஆம் எண். மந்திரித்த பொருள்களை மரியாதையோடு நடத்த வேண்டும் என்பது 1171. பயன்படுத்த முடியாமல் போனவற்றை எரிப்பதும் மண்ணில் புதைப்பதும் நம் வழக்கம். குருத்தோலைகளைச் சாம்பல் புதனுக்காக எடுத்து வைத்தேன். செபமாலைகளை மறைக்கல்விப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னார். அன்னம்மாளைக் கோயில் வளாகத்து ஓக் மரத்தடியில் நாங்கள் இருவருமே குழி தோண்டிப் புதைத்தோம். (நம் பங்கில் உடைந்த சுரூபங்களை இரவோடு இரவாகக் கெபிக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போகிறீர்களே, அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கொண்டுவந்து என் கையில் கொடுங்கள், திட்டமாட்டேன்.) மெழுகுதிரிக்கு எடையே இல்லை. அதை அவரே வைத்துக்கொண்டார்.

அன்று இரவு லூக்காவைத் திரும்ப எடுத்துப் படித்தேன். அந்தச் செல்வன் யாரோடு பேசுகிறான்? தனக்குத்தானே பேசுகிறான். நான் இடிப்பேன், நான் கட்டுவேன், நான் சேர்ப்பேன். மனைவி, மக்கள், வேலையாள், பக்கத்து நிலத்துக்காரன் என்று ஒருவரையும் கேட்கவில்லை. எத்தனை முறை இந்த உவமைக்கு மறையுரை கொடுத்திருக்கிறேன்! களஞ்சியத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் இது என் கண்ணில் படவில்லை. களஞ்சியத்தைக் கட்டினாலும் சரி, காலி செய்தாலும் சரி, ஒருவன் தனக்குத்தானே பேசிக்கொண்டு செய்ய முடியும். அந்த ஐயாவின் கையில் நான்தான் ஒரு தடியைக் கொடுத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை 7 மணிக்கே அவர்கள் வீட்டு முன் விற்பனை. பகலில் டெக்சாஸ் வெயில் நம் மே மாத வேலூர்தான். சில்லறை டப்பாவோடு நானும் உட்கார்ந்தேன். திருமணத்துக்கு வந்த கண்ணாடிக் குவளைகளை ஒருவர் இருபத்தைந்து காசுக்குப் பேரம் பேசினார். அந்த அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். நானும் ஐயாவும் பின்னாலேயே போனோம். முந்தின ஞாயிறு நான் பேசியது அரைகுறை என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் குளியலறையிலிருந்து எடை பார்க்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்து நடுவில் வைத்தார்.

"உன் கருவிகளையும் நிறுத்துப் பார்ப்போம்" என்றார்.

தையல் இயந்திரம், மேசை இல்லாமல், 31 பவுண்டு. துணிகளோடு சேர்த்து 95. ஐயாவின் துளையிடும் இயந்திரம், ரம்பங்கள், தூண்டில்கள், ஏழு வகை ஸ்பானர் எல்லாவற்றையும் ஐந்து தடவையாக ஏற்றி இறக்கி நிறுத்தோம். 410 பவுண்டு! அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. நல்ல மனிதர், மனமறிந்து செய்ததில்லை. கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்: 500 பவுண்டு பொதுச் சாமான், மீதி ஆளுக்கு 500. அவரவர் பங்கில் என்ன ஏற்றுவது என்று மற்றவர் கேட்கக் கூடாது. வீட்டை உடனே விற்காமல் ஓராண்டு வாடகைக்கு விட வேண்டும் என்றும் அந்த அம்மா கேட்டார். இதற்கு ஐயா இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் சம்மதித்தார்.

ஆபிரகாம்கூட, சேர்த்த உடைமையை எல்லாம் கூடவே ஓட்டிக்கொண்டுதான் புறப்பட்டார். அடுத்த அதிகாரத்திலேயே அது அவருக்கும் லோத்துக்கும் இடம் போதாமல் செய்து, மேய்ப்பர்களுக்குள் சண்டை வந்து, இரண்டு குடும்பமும் பிரிந்தது. பவுல் அடிகளார் ஊர் ஊராகத் திரிந்தவர். அவரும் ஒரு மேலுடையையும் நூல்களையும் துரோவாவில் கார்ப்புவின் வீட்டில் விட்டுவைத்து, வரும்போது எடுத்து வா என்று திமொத்தேயுவுக்கு எழுதினார். பவுல் விட முடியாத புத்தகம் இருந்தது என்பதில் எனக்கு ஒரு நிம்மதி. சென்ற மாற்றலின்போது என் புத்தகங்களுக்கு மட்டும் ஒரு மினி லாரி தனியாகப் பிடித்தவன் நான். கூட வந்த உபதேசியார் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

2022 கிறிஸ்துமசுக்கு அந்த அம்மாவிடமிருந்து வாழ்த்து அட்டை வந்தது. ஐயாவுக்குக் கண் பார்வை குறைந்து, வண்டி ஓட்ட முடியவில்லையாம். டெக்சாசிலேயே லிவிங்ஸ்டன் என்ற ஊரில், வீட்டு வண்டிக்காரர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. 1978இல் ஒரு தம்பதியர் தொடங்கியது. ஓட்ட முடியாமல் போனவர்கள் தங்கள் வண்டியிலேயே இருந்துகொண்டு உதவி பெற அங்கே ஓர் இடம் வைத்திருந்தார்கள். அங்கே நிறுத்திவிட்டார்கள். வாடகைக்கு விட்ட வீட்டை இரண்டாம் ஆண்டில் விற்றாயிற்று. விற்கலாம் என்று முதலில் சொன்னவர் அந்த அம்மாதானாம். தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐயா தம் கருவிகளைப் பக்கத்து வண்டிக்காரருக்குக் கொடுத்துவிட்டார். "நான் கேட்கவில்லை, அவராகவே கொடுத்தார்" என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.