நாயும் பூனையும் நமக்குச் சொல்வன



யாரும் இல்லாத வேளையில் வீட்டு நாய் செருப்பொன்றைக் கடித்துக் குதறிவிடுகிறது. மாலையில் வீடு திரும்பியவர் அதைக் கண்டு, "யார் செய்த வேலை இது?" என்று அதட்டுகிறார். நாய் காதுகளைப் பின்னுக்கு மடித்து, வாலை ஒடுக்கி, பார்வையை வேறு புறம் திருப்பிக்கொள்கிறது. "செய்த குற்றம் முகத்திலேயே எழுதியிருக்கிறது, பாருங்கள்" என்கிறார் வீட்டுக்காரர். நாய் வளர்ப்பவர்களுள் இவ்வாறு சொல்லாதவர் அரியர்.

முகத்தில் எழுதியிருந்தது குற்ற உணர்ச்சிதானா? நியூயார்க் நகரத்துப் பர்னார்டு கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்டிரா ஹொரொவிட்ஸ் என்னும் அம்மையார் 14 நாய்களைக் கொண்டு இதனை ஆராய்ந்து, 2009-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். நாயின் முன் தின்பண்டம் ஒன்றை வைத்து, அதனைத் தின்னக் கூடாதென்று கட்டளையிட்டுவிட்டு வளர்ப்பவர் வெளியே சென்றுவிடுவார். அவர் திரும்பியதும், நாய் கட்டளையை மீறியது என்றோ மீறவில்லை என்றோ அவரிடம் கூறப்படும். கூறியது சில வேளைகளில் உண்மை. சில வேளைகளில் பொய். நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்தக் 'குற்றவாளி முக'த்திற்கும் தொடர்பே காணப்படவில்லை. வளர்ப்பவர் அதட்டியபோதுதான் அது மிகுதியாகத் தோன்றியது. அதிலும், ஒரு தவறும் செய்யாமல் வசவு வாங்கிய நாய்களின் முகத்திலேயே அது நன்கு தெரிந்ததாம்! "உங்கள் சினம் எனக்கு அச்சம் தருகிறது" என்று நாய் சொல்ல, "நான் குற்றவாளி" என்று அது ஒப்புக்கொண்டதாக நாம் பொருள் கொள்கிறோம்.

செயலும் அதன் விளைவும் அடுத்தடுத்து நிகழ்ந்தால்தான் நாய் அவ்விரண்டையும் இணைத்துக் கற்கும். காலையில் கடித்த செருப்புக்காக மாலையில் அடிபடும் நாய், செருப்பைப் பற்றி எதுவும் கற்பதில்லை. வீட்டுக்காரர் வாயிலில் நுழையும் வேளை பொல்லாத வேளை என்பதையே கற்கிறது. அதற்கு மாறாக, கடிப்பதற்கென்று தனியே ஒரு பொருளைத் தந்து, அதைக் கடிக்கும் அக்கணமே பாராட்டினால் பலன் உண்டு. நாளெல்லாம் சங்கிலியில் கட்டிக் கிடக்கும் நாய்க்கு வேறு பொழுதுபோக்கு எது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

விலங்குகளின் உடலசைவுகளுக்குப் பொருள் காண முயன்றவர்களுள் தலையாயவர் சார்லஸ் டார்வின். மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளை வெளியிடும் முறை பற்றி அவர் எழுதிய நூல் 1872-இல் வெளிவந்தது. பகைமையோடு நெருங்கும் நாய் உடலை விறைத்து நிமிர்கிறது; வாலை உயர்த்தி அசையாமல் வைத்துக்கொள்கிறது; காதுகளை முன்னோக்கி நிறுத்துகிறது. வந்தவர் தன் தலைவரே என்று தெரிந்ததும் அத்தனையும் தலைகீழாக மாறுகின்றன: உடல் தாழ்கிறது, நெளிகிறது, வால் இறங்கி ஆடுகிறது. வால் ஆடினால் நட்பு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உயர்த்திய வாலை விறைப்பாகச் சிறிதே ஆட்டும் நாயும் உண்டு. அதனிடம் கையை நீட்டுவது அறிவுடைமையன்று. வாலை மட்டும் பாராமல் முழு உடலையும் பார்க்கவேண்டும்.

இனி, உறுமல். நாய் பெரும்பாலும் எடுத்த எடுப்பில் கடிப்பதில்லை. முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், உதட்டை நக்கும், உறக்கமின்றியே கொட்டாவி விடும், கண்ணின் வெண்மை தெரியக் கடைக்கண்ணால் நோக்கும். இவற்றை நாம் கவனியாதபோது உடலை விறைத்து உறுமும். அதற்கும் பயனில்லையேல் பல்லைக் காட்டும். கடி அதற்குப் பின்னரே. உறுமலை நன்றிகெட்ட செயலாகக் கருதி நாயை அடிப்பவர் பலர். அவ்வாறு அடிபட்ட நாய் உறுமுவதைத்தான் விட்டுவிடும்; உறுமச் செய்த அச்சம் உள்ளேயே இருக்கும். பின்னொரு நாள் அது முன்னறிவிப்பே இல்லாமல் கடிக்கும். நாய் உறுமினால் நாம் விலகி நிற்கவேண்டும். எது அதனை அவ்வாறு உறுமச் செய்தது என்று ஆராயவேண்டும். உண்ணும்போதோ உறங்கும்போதோ தொந்தரவு செய்தார்களா, குட்டிகளின் அருகே சென்றார்களா, காதிலோ மூட்டிலோ வலி உண்டா என்று பார்த்தால் காரணம் புலப்படும். சிறு குழந்தைகள் அன்பு மிகுதியால் நாயின் கழுத்தைக் கட்டிக்கொள்வார்கள். மனிதருக்கு அது அணைப்பு. பல நாய்களுக்கு அது பிடி. குழந்தையையும் நாயையும் தனியே விட்டுவைத்தல் ஆகாது.

இதை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் வெறிநோய். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் இறக்கின்றனர். அவர்களில் நூற்றுக்கு 40 பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள். நோய்க்குறிகள் தோன்றிய பின் பிழைப்பது அரிதினும் அரிது. தோன்றுமுன் தடுப்பதோ நம் கையில் இருக்கிறது. லூயி பாஸ்டர் 1885-இல் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலில் தடுப்பூசி போட்டார். 1907-இல் நம் குன்னூரிலேயே பாஸ்டர் பெயரால் நிலையம் தோன்றியது. நாயோ பூனையோ கடித்தாலும் பிறாண்டினாலும், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டும். காயத்தில் சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் அப்புவது வெறும் கொடுமை. வளர்க்கும் விலங்குக்கு ஏறத்தாழ மூன்றாம் மாதத்தில் முதல் ஊசியும் பின்னர் மருத்துவர் குறிக்கும் நாள்களில் அடுத்த ஊசிகளும் போடுதல் வேண்டும்.

பூனையின் மொழி வேறு. வாலைச் செங்குத்தாக உயர்த்தி வரும் பூனை வாழ்த்துக் கூறுகிறது. வாலைப் பக்கவாட்டில் வீசி அடிக்கும் பூனை எரிச்சலுற்றிருக்கிறது. நாயின் வாலைப் படித்த பழக்கத்தால் பூனையின் வாலைப் படிப்பவர் கையில் கீறல் வாங்குவது இயல்பே. வளர்ந்த பூனைகள் தமக்குள் 'மியாவ்' என்று கத்திக்கொள்வது அரிது. குட்டி தாயை அழைக்கும் அக்குரலை வளர்ந்த பின்னும் அவை நம்மிடம் வைத்துக்கொண்டிருக்கின்றன. பூனையை நன்றியற்றது என்று பழிப்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ!

பாலும் சோறும் மட்டும் போட்டுப் பூனை வளர்க்கும் வீடுகள் நம் நாட்டில் மிகுதி. பூனை ஊன் உண்ணும் உயிர். டாரின் என்னும் பொருள் அதன் உணவில் இல்லாவிடில், நாளடைவில் கண் பார்வையும் இதயமும் கெடும். இறைச்சியிலும் மீனிலும் அது உண்டு; சோற்றில் இல்லை.

இன்னொன்று. தூய்மையாக இருந்த பூனை திடீரென்று கண்ட இடங்களில் சிறுநீர் கழிக்க முற்பட்டால், அதனைக் குறும்பென்று கருதி அடிக்கிறார்கள். பெரும்பாலும் அது நோயின் அறிகுறி, அல்லது வீட்டில் நேர்ந்த மாற்றத்தால் எழுந்த கலக்கம். குறிப்பாக, ஆண் பூனை மீண்டும் மீண்டும் குந்தி முக்கியும் சிறுநீர் வெளிவராதிருந்தால், சிறுநீர்ப் பாதை அடைபட்டிருக்கக்கூடும். அப்பூனை ஓரிரு நாளில் இறந்துபோகலாம். பொழுது விடியட்டும் என்று காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லவேண்டும்.