நீல அட்டையும் தொழிலாளியும்

(பெங்களூருவில் தமிழ்த் தோழர்களுக்காக நடைபெற்ற கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கட்சி ஆவணங்களைத் தமிழாக்கம் செய்வது என் பணி என்பதை நீங்கள் அறிவீர்கள். அண்மையில் ஓர் ஆவணத்தைப் பெயர்க்கையில் ஒரு சொல்லிடம் நின்றுவிட்டேன். உயர்கல்வி பெற்று, பணி அனுமதியோடு அயல்நாடு செல்வோரைக் குறிக்கும் சொல் அது. நான் 'வல்லுநர்' என்று எழுதினேன். மெய்ப்புப் பார்த்த தோழர் அதனை அடித்துவிட்டுத் 'தொழிலாளர்' என்று திருத்தினார். மாதம் இலட்சக்கணக்கில் ஊதியம் பெறுபவரைத் தொழிலாளர் என்பதா என்று அவரோடு வாதிட்டேன். அந்த வாதத்தில் நான் தோற்றேன். ஏன் தோற்றேன் என்பதையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

அட்டையின் இலக்கணம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 'நீல அட்டை'யை எடுத்துக்கொள்வோம். உயர்தகுதி பெற்ற அயல்நாட்டவர்க்குப் பணி அனுமதியையும் வதிவிட அனுமதியையும் ஒருசேர வழங்கும் அட்டை இது. 2009இல் இதற்கான நெறிமுறை இயற்றப்பட்டது, 2021இல் திருத்தப்பட்டது. டென்மார்க்கும் அயர்லாந்தும் இதில் சேரவில்லை. 2023ஆம் ஆண்டில் ஒன்றியம் முழுவதும் ஏறத்தாழ 89,000 பேர் இவ்வட்டையைப் பெற்றனர். அவர்களுள் ஏறத்தாழ 69,000 பேருக்கு அதை வழங்கியது ஜெர்மனி. அட்டை பெற்றோரில் இந்தியரே முதலிடத்தில் இருந்தனர். ஏறத்தாழ 21,000 பேர்.

'உயர்தகுதி' என்பதை எதைக்கொண்டு அளக்கிறார்கள்? பட்டம் வேண்டும். அது மட்டும் போதாது, ஊதியமும் வேண்டும். 2025ஆம் ஆண்டில் ஜெர்மனி வகுத்த வரம்பு ஆண்டுக்கு 48,300 யூரோ. ஆள் பற்றாக்குறையுள்ள தொழில்களுக்கும், படிப்பு முடித்துப் புதிதாக வருவோருக்கும் 43,759 யூரோ 80 சென்ட். கணினித் துறையில் போதிய அனுபவம் இருந்தால் பட்டம்கூடத் தேவையில்லை. ஆனால் ஊதிய வரம்பிலிருந்து யாருக்கும் விலக்கில்லை. ஒருவருடைய அறிவு வாசலைத் திறப்பதில்லை. அவ்வறிவுக்கு முதலாளி தரும் விலையே திறக்கிறது. உழைப்புச் சக்தி சரக்காகிறது என்று நாம் வகுப்புகளில் படிப்பதை அரசே சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறது.

இவ்வட்டையில் நன்மைகள் இல்லை என்று நான் சொல்லவில்லை. குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம், வாழ்க்கைத்துணையும் வேலை பார்க்கலாம். ஜெர்மனியில் 27 மாதங்களில், மொழித்தேர்வில் உரிய நிலையை எட்டினால் 21 மாதங்களில், நிரந்தர வதிவிட உரிமை கோரலாம். வளைகுடாவில் வாடும் நம் கட்டுமானத் தொழிலாளி கனவிலும் காணாத உரிமைகள் இவை.

ஆயினும் மறுபக்கத்தைப் பாருங்கள். முதல் 12 மாதங்களுக்குள் வேலை மாறினால் அயல்நாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அது 30 நாள் வரை மாற்றத்தை நிறுத்திவைக்கலாம், மறுக்கவும் செய்யலாம். வேலை போனால்? அட்டை பெற்று ஈராண்டு நிறையாதவருக்கு ஒன்றிய நெறிமுறை உறுதிசெய்யும் காலம் மூன்று மாதம். ஈராண்டு கடந்தவருக்கு ஆறு மாதம். அதற்கு மேலும் வேலையற்றிருந்தால் அட்டை பறிபோகலாம்.

ஒரு நள்ளிரவு அழைப்பு

இதை நான் ஆவணங்களில் மட்டும் படித்தவனல்லன். என் தமக்கையின் மகன் ஜெர்மனியில் மென்பொருள் பொறியாளர். அட்டை பெற்றுப் பதினாறு மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு நள்ளிரவில் தொலைபேசியில் அழைத்து, "மாமா, ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள், போட்டுவிடவா?" என்றான். நிறுவனம் ஆட்குறைப்புச் செய்கிறது. இரு தரப்பும் ஒப்பி வேலையை முடித்துக்கொள்வதாக ஓர் ஒப்பந்தம். அந்த வாரத்திலேயே கையெழுத்திட்டால் கூடுதலாக மூன்று மாத ஊதியம். ஊரில் வீட்டுக்கடன், கையில் ஆறுமாதக் குழந்தை, தலைக்குமேல் அட்டை. எதிர்த்தால் அட்டைக்கு ஏதேனும் ஆகுமோ என்ற அச்சமே அவனைக் கையெழுத்தை நோக்கித் தள்ளியது.

அவனைக் காத்தது என் அறிவுரை அன்று. அவன் பணியிடத்தின் தொழிலாளர் மன்ற உறுப்பினர் ஒருவர், துருக்கியிலிருந்து வந்த ஆலைத் தொழிலாளியின் பேத்தி, அவனை அழைத்துப் பேசினார். கையெழுத்திட்டால் வேலையற்றோர் உதவித்தொகை 12 வாரம் வரை நிறுத்தப்படலாம் என்றார். மன்றத்தின் கருத்தைக் கேளாமல் செய்யும் வேலைநீக்கம் செல்லாது என்றார். எழுத்து வடிவில் வேலைநீக்கம் வந்தால் மூன்று வாரத்துக்குள் தொழிலாளர் நீதிமன்றத்தை நாட வேண்டும் என்றும், வேலை முடிந்துபோனால் இரண்டு வாரத்துக்குள் அயல்நாட்டவர் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்றும் விளக்கினார்.

அவன் கையெழுத்திடவில்லை. வேலை இறுதியில் போகத்தான் செய்தது. ஆனால் முறையான அறிவிப்புக் காலம் முழுவதும் ஊதியம் கிடைத்தது. அதற்குள் வேறு வேலையும் கிடைத்தது. தொழிற்சங்கத்தில் முன்னரே சேர்ந்திருந்தால் வழக்குக்கும் துணை இருந்திருக்கும். சேர்ந்த அன்றே சங்கத்தின் சட்ட உதவி கிடைத்துவிடுவதில்லை. "சந்தா எதற்கு வீண்செலவு என்று இருந்துவிட்டேன் மாமா" என்றான். அன்றுதான் மெய்ப்புப் பார்த்த தோழரின் திருத்தம் எனக்கு முழுமையாக விளங்கியது.

பழைய பாடம்

அந்தப் பெண்ணின் பாட்டனாரை ஜெர்மனி எவ்வாறு அழைத்தது? 1961இல் துருக்கியோடு செய்த ஒப்பந்தத்தின்படி 'விருந்தினர் தொழிலாளி' என்று அழைத்தது. ஈராண்டில் திருப்பி அனுப்பி வேறு ஆளைக் கொணர்வதே முதல் திட்டம். பழகிய கைகளை இழக்க முதலாளிகள் விரும்பாததால் 1964இல் அக்கட்டுப்பாடு நீங்கியது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் ஆள்சேர்ப்பே நிறுத்தப்பட்டது. 2000ஆம் ஆண்டில் கணினி வல்லுநர்களை 20,000 பேர் என்ற வரம்போடும் ஐந்தாண்டு என்ற கெடுவோடும் அழைத்தபோது, 'இந்தியர் வேண்டா, நம் பிள்ளைகளே போதும்' என்ற பொருளில் அங்கே தேர்தல் முழக்கம் எழுந்தது. தேவை இருக்கும்வரை விருந்தினர். தேவை தீர்ந்தால் அந்நியர்.

நம் முன்னோர் இதனை அறிவர். இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' என்றொரு சீட்டு இருந்தது. தொழிலாளியின் கடனைக் குறித்த அச்சீட்டு இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்துக்குச் செல்ல இயலாது. 1921இல் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நீல அட்டையும் துண்டும் ஒன்றல்ல. ஒன்றென்பது அத்தோட்டத் தொழிலாளரின் துயரத்தைச் சிறுமைப்படுத்துவதாகும். எனினும் முதலாளியை விட்டு விலகும் உரிமைக்கு விலை வைப்பது இரண்டிற்கும் பொது.

அமெரிக்காவின் எச்-1பி அனுமதியில் வேலை இழந்தவருக்குக் கிடைப்பது அதிக அளவாக 60 நாள். 2025 செப்டம்பரில் புதிய விண்ணப்பங்களுக்கு ஓர் இலட்சம் டாலர் கட்டணம் என்று ஒரே அறிவிப்பில் ஆணையிட முடிந்தது. 'வல்லுநர்' என்ற பட்டம் அப்போது யாரையும் காக்கவில்லை.

நம் அரசும் நம் கடமையும்

நம் அரசு என்ன செய்கிறது? 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ், பத்தாம் வகுப்புத் தேறாதவர் 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அரசின் குடிபெயர்வுச் சோதனையைக் கடக்க வேண்டும். படித்தவருக்கு அச்சோதனை இல்லை. அவருக்கான பாதுகாப்பும் இல்லை. 2024 அக்டோபரில் ஜெர்மனி இந்தியத் திறன்தொழிலாளர்க்கான விசா எண்ணிக்கையை 20,000இலிருந்து 90,000ஆக உயர்த்தியதை வெற்றியெனக் கொண்டாடினார்கள். புலம்பெயர் தொழிலாளரின் உரிமைகளுக்காக 1990 டிசம்பர் 18 அன்று ஐ.நா. அவை ஏற்ற உடன்படிக்கையில் இந்தியாவும் இணையவில்லை, ஜெர்மனியும் இணையவில்லை.

தோழர்களே, 'நம் வரிப்பணத்தில் படித்துவிட்டு ஓடுகிறார்கள்' என்று நம்மில் சிலர் பேசுவதுண்டு. மக்கள் பணத்தில் விளைந்த திறனை விலையின்றி அள்ளிச் செல்வது அங்குள்ள மூலதனம். இங்கு வேலை தராதது இங்குள்ள அரசு. பழியைப் பயணச்சீட்டு வாங்கிய இளைஞர்மீது சுமத்துவது இவ்விரண்டுக்கும் வசதியாகிவிடும்.

இந்நகரின் கணினி நிறுவனங்களிலிருந்து நம் பிள்ளைகளும் அண்டை வீட்டார் பிள்ளைகளும் புறப்படுகிறார்கள். புறப்படுமுன் அவர்களோடு பேசுங்கள். இங்கேயே சங்கத்தில் சேரச் சொல்லுங்கள். போன இடத்தில் முதல் மாதத்திலேயே அங்குள்ள சங்கத்தில் சேரச் சொல்லுங்கள். நீல அட்டை பெற்றவருக்குச் சங்கம் சேரும் உரிமையை ஒன்றிய நெறிமுறையே உறுதிசெய்கிறது. புரியாத தாளில் கையெழுத்திட வேண்டா என்று சொல்லுங்கள். வேலையையும் வதிவிட உரிமையையும் ஒரே கயிற்றில் கட்டாதே என்ற கோரிக்கையைப் பொறியாளருக்கும் வளைகுடாக் கொத்தனாருக்கும் சேர்த்தே எழுப்புவோம். ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா இணைய வேண்டும் என்று எல்லா மேடைகளிலும் கேட்போம்.

அந்த ஆவணம் அச்சாகிவிட்டது. அதில் 'தொழிலாளர்' என்றே இருக்கிறது.